செவுத்துக்கும் ஒரு கொங்காணி வேணும்

இரத்தினபுரியில இருந்து பெல்மதுளை, அங்கிருந்து பலாங்கொடை. இந்த ரோட்டுல பஸ்ஸுல போறவங்க ஜன்னல் பக்கம் உக்காந்து வீடுகளை மட்டும் பாத்துட்டு வந்தாலே ஒரு விஷயம் தெரிஞ்சிரும். சமீபத்துல கட்டுன வீடு, கடை, கலியாண மண்டபம், கேட்டுத் தூண்... ரோட்டப் பாத்த பக்கம் முழுக்க கல்லு. கறுப்புக் கல்லு, சாம்பல் கல்லு, தேன் நிறக் கல்லு. சீவினது, உடைச்சது, கல்லு மாதிரியே அச்சுல வார்த்த கொங்கிறீட்டு.

அழகுதான். அதுல ஒரு சண்டையும் இல்ல.

ஆனா பஸ்ஸு வளைவுல திரும்புறப்போ அதே வீட்டோட பக்கச் செவுரு தெரியும் பாருங்க. அடியில ஒரு முழ உசரத்துக்குப் பச்சைப் பாசி. ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு வெடிப்பு. பெயிண்டு உரிஞ்சு சீமெந்துப் பூச்சு வெளிய தெரியுது. காத்தோட வர்ற மழை முழுசும் அந்தச் செவுத்துலதான் அடிக்குது. கல்லு ஒட்டுன முன்பக்கத்துக்கோ போர்ட்டிகோ கூரை வேற இருக்கு, மழை அங்க எட்டிக்கூடப் பாக்காது!

கோபம் வர்றது இங்கதான். செவுத்துக்கு வெளிய என்ன போர்த்துறதுன்னு முடிவு பண்ற உரிமை ரோட்டுக்குப் போயிருச்சு. இந்தச் சப்ரகமுவை மாகாணத்துல அந்த உரிமை மழைக்குத்தான் இருக்கணும்.

ஏன்னா இது சாதாரண மழை இல்லீங்க. இரத்தினபுரியில வருஷத்துக்குச் சராசரியா 3,500 மில்லிமீற்றருக்கு மேல பெய்யுது. சென்னையில கிட்டத்தட்ட 1,400தான், அதவிட ரெண்டு மடங்குக்கும் அதிகம். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக் காத்தோட சாய்ஞ்சு வந்து அடிக்கும். ஒக்டோபர், நவம்பர்ல காலையில சுள்ளுனு வெயில், அந்தியில இடி மழை. சூடான செவுரு அஞ்சு நிமிஷத்துல நனையுது. தினமும்.

இப்படி ஒரு ஊர்ல செவுத்துக்குக் கல்லு போடுறதுன்னா என்ன? அதத்தான் கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

கல்லே செவுரா இருந்த காலம்

இன்னைக்கு கிளாடிங்னு சொல்றாங்களே, அது செவுத்து மேல ஒட்டுற தோலு. பழைய தோட்டக் கட்டடங்கள்ல தோலும் சதையும் ஒண்ணுதான். ஒன்றரை அடி, ரெண்டடி கனத்துக்குக் கருங்கல்லு, நடுவுல சுண்ணாம்புச் சாந்தோ மண்ணோ.

கல்லுக்கு எங்கயும் போகல. தேயிலை மலையில, ரப்பர் காட்டுல உருண்டை உருண்டையா கிடக்கே, அதத்தான் உடைச்சாங்க. இலங்கையோட பத்துல ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில இருக்கறது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி சூட்டுலயும் அழுத்தத்துலயும் உருமாறுன பாறை. சப்ரகமுவை மலையும் அந்த வகைதான். அதுல மழைத்தண்ணி வெடிப்பு வழியா இறங்கி, சுத்தி இருக்கறத மண்ணாக்கிரும். நடுவுல இருக்கற உருண்டை மட்டும் கல்லா மிஞ்சும். அத உடைச்சு தொழிலாளர் லயத்துக்கு அத்திவாரம், காணுக்குக் கரை, மலைக்குக் கல்கட்டு, தேயிலை ஸ்டோருக்குச் செவுரு.

இன்னொண்ணு கபுக். கேகாலைப் பக்கமும், இரத்தினபுரியோட தாழ்வான பக்கமும் இந்தச் செம்மண் நிறக் கல்லு நல்லாவே தெரியும். குழிக்குள்ள இருக்கறப்போ கோடாலியால வெட்டுற அளவுக்கு மெது. வெட்டி வெளிய அடுக்கிக் காய வச்சா இறுகிரும். 1807ல புக்கானன்னு ஒரு ஸ்கொட்லாந்து மருத்துவர் கேரளத்து அங்காடிப்புரத்துல இதே வகைக் கல்ல மக்கள் செங்கல் மாதிரி வெட்டுறதப் பாத்துட்டுத்தான் லேட்டரைட்னு பேர் எழுதி வச்சார். இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிக்கிற மண்ணு அது. செவப்பு நிறமே இரும்பால வர்றதுதான்.

கபுக்குக்கு ஒரு பலவீனம் இருக்கு. நனைஞ்சா பலம் குறையும். அதனாலதான் பழைய மேசன் பாஸ்மாரு அடியில ரெண்டு மூணு வரி கருங்கல்லு வச்சு, அதுக்கு மேலதான் கபுக்க ஏத்துனாங்க. வெளிய சுண்ணாம்பு பூசுனாங்க. கூரைய நல்லா வெளிய நீட்டுனாங்க. மூணும் சேந்தாத்தான் அந்தச் செவுரு நிக்கும்.

மூணுல ஒண்ண எடுத்தா என்ன ஆகும்? அதுக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச ஒரு சாட்சி கோவாவுல நிக்குது. போம் ஜீசஸ் பேராலயம், 1605ல அர்ச்சிக்கப்பட்டது. புனித பிரான்சிஸ் சவேரியாரோட உடல் இருக்கற கோயில். லேட்டரைட் செவுரு, வெளிய சுண்ணாம்புப் பூச்சுன்னு முன்னூத்தி ஐம்பது வருஷம் இருந்தது. 1950கள்ல போர்த்துக்கேய ஆட்சியில, பழமை நல்லா தெரியட்டும்னு அந்தப் பூச்ச உரிச்சுட்டாங்க. இன்னைக்கு சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கற அந்தச் செந்நிறம், உண்மையில மேல்தோல் இல்லாத செவுரு. அரபிக்கடல் மழை வருஷா வருஷம் அந்தக் கல்ல அரிச்சுட்டு இருக்கு. மறுபடி பூசணும்னு சில வருஷமா குரல் எழும்பிட்டு இருக்கு.

அந்தச் செவுத்துக்குப் பூச்சுதான் பாதுகாப்பா இருந்தது. கல்லுதான் பலம், பூச்சு வெறும் அலங்காரம்னு நெனைச்சதுல வந்த வினை.

பங்களாவுக்கு ஒரு கூரை, லயத்துக்கு ஒரு கூரை

தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது தெரிஞ்ச காட்சி. தொரை பங்களாவும் லயமும் அதே மலையில உடைச்ச அதே கல்லு. சில இடத்துல கட்டுன கைகூட ஒண்ணாத்தான் இருந்திருக்கும். ஆனா நூறு வருஷம் கழிச்சுப் பாத்தா பங்களாச் செவுரு காய்ஞ்சு கிடக்கு, லயத்துச் செவுரு ஓதம் ஏறி நிக்குது.

கல்லுல வித்தியாசம் இல்ல. பங்களாவுக்கு நாலு பக்கமும் அகலமான வராந்தா, மூணு நாலு அடி உசரமான மேடை, கூரைத்தண்ணிய வாங்கிக் கொண்டுபோற பீலி, சுத்திவரக் கல்லுக் காணு. லயத்துக்கு முன்னால ஒரு சின்ன இஸ்தோப்பு. பின்னால கூரை செவுத்தோட முடிஞ்சிரும். தகரத்துல விழுந்த தண்ணி நேரா செவுத்தடியில ஊத்தும், தெறிக்கும், மண்ணோட சேந்து செவுத்துலயே ஏறும். பத்துக்குப் பன்னெண்டு அடி காம்பராவுக்குள்ள அடுப்பும் எரிஞ்சா உள்ள இருக்கற ஈரமும் அதே செவுத்துக்குத்தான் போகணும். இரட்டை லயமா இருந்தா முதுகோட முதுகு ஒட்டின காம்பரா, காத்துக்கு வழியே இல்ல.

இத வசதிக் குறைவுன்னு மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. இதெல்லாம் தெரிஞ்சேதான் கட்டியிருக்காங்க. பங்களாவுல சரியா செஞ்சவங்களுக்கு லயத்துலயும் செய்யத் தெரியும். யாருக்காகச் செலவு பண்றதுங்கறதுல வந்த வித்தியாசம் அது, அந்த வித்தியாசத்தத்தான் குழந்தைங்க இருமலா இன்னைக்கும் சுமக்குறாங்க.

ஸ்டோர்ல வேற கணக்கு. பழைய தேயிலை ஸ்டோர்கள்ல கீழ்த்தட்டு கருங்கல்லு, மேல்தட்டுகள் இரும்புச் சட்டத்துல தகரமும் வரிசையா ஜன்னலும். கீழ மெஷின் அதிரும், பாரம் தாங்கணும், அதுக்குக் கல்லு. மேல கொழுந்து வாடணும், காத்து ஓடணும், அதுக்கு லேசான தகரம். எந்தத் தோலு எந்த வேலைக்குன்னு யோசிச்சுப் போட்ட கட்டடம்னா சப்ரகமுவையில அதுதான் முதல் பாடம்.

ஒட்டுற கல்லோட கணக்கு

சரி, இப்போ காலத்துக்கு வருவோம். சீமெந்துக் கல்லுல செவுரு கட்டியாச்சு, பூசியாச்சு. "பாஸ், முன்பக்கம் மட்டும் கல்லு ஒட்டிருங்க"ன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. அதுல என்னென்ன இருக்கு?

முதல்ல எடை. கருங்கல்லு ஒரு கன மீற்றர் சுமார் 2,700 கிலோ. 20 மில்லிமீற்றர் கனத்துக்கு ஒட்டுனா ஒரு சதுர மீற்றருக்கு 54 கிலோ. 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உசரம்னு ஒரு முன்செவுரு வச்சுக்குங்க. கிட்டத்தட்ட ஒரு தொன். அது முழுக்க பசைய நம்பித்தான் தொங்குது. (பசைக்குப் பின்னால இருக்கற பூச்சு செவுத்த விட்டுட்டா? பசை நல்லாத்தான் இருக்கும், பூச்சோட சேந்து கல்லு விழும்.)

அப்புறம் அசைவு. கறுப்புக் கல்லு மத்தியான வெயில்ல கை வைக்க முடியாத அளவு சுடும். 30 பாகை சூடு ஏறி இறங்குனா 6 மீற்றர் கல்லு வரிசை ஒன்றரை மில்லிமீற்றர் கிட்ட நீளும், சுருங்கும். பின்னால நிழல்ல இருக்கற செவுரு அந்த அளவு அசையாது. அந்த இழுபறி எல்லாம் பசையில. அதுக்காகத்தான் மூணு நாலு மீற்றருக்கு ஒரு இடத்துல சீமெந்து போடாம, இழுபடுற சீலன்ட் வச்சு ஒரு இடைவெளி விடணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் விடறதில்ல, ஏன்னா கோடு தெரிஞ்சா அழகு கெட்டுரும்னு பயம்.

மூணாவது தண்ணி. கல்லுக்குப் பின்னால அஞ்சு உருண்டை பசை வச்சு அழுத்தி ஒட்டுறது ரொம்ப வழக்கம். வேகமா வேலை முடியும். ஆனா உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவுல வெறும் குழி. மழைத்தண்ணி இடுக்கு வழியா உள்ள போய் அந்தக் குழியில நிக்கும். வெளிய வர வழி கிடையாது. சீமெந்துல இருக்கற உப்பக் கரைச்சுக்கிட்டு மெதுவா வெளிய கசியும், கல்லு மேல வெள்ளையா பூக்கும். நிறையப் பேர் அது கல்லோட குறைன்னு நெனைச்சு மேல வார்னிஷ் அடிக்கிறாங்க. அடிச்சா இருந்த கொஞ்ச வழியும் அடைபடும். வார்னிஷ் வெளுத்து உரியும். தண்ணி உள்ளயே இருக்கும். அடிச்சுத்தான் ஆகணும்னா செவுரு மூச்சு விடற வகை, கல்லுக்குள்ள இறங்கி நிக்கிற சிலேன் சிலொக்சேன் திரவம் இருக்கு. மேல படலம் கட்டுறது வேண்டாம்.

ஒட்டுன கல்லு சரியா இருக்கான்னு பாக்க பெரிய கருவி எதுவும் வேண்டியதில்ல. கரண்டிப் பிடியால தட்டுங்க. கெட்டியா சத்தம் வந்தா சரி. பொத்துனு வந்தா பின்னால காலி. தலைக்கு மேல இருக்கற கல்லுல பொத்துனு சத்தம் வந்தா அத அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது.

கல்லுக்குள்ளயும் ஒரு திசை இருக்கு. நம்ம பாறையில வரி வரியா ஓடும், சிலதுல அந்த வரி நெடுக மைக்கா மினுங்கும். அந்த வரியோட சேத்துப் பிளந்தா மெல்லிசா அழகா வரும், ஒட்டவும் சுலபம். ஆனா வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டா அதே வரியில ஏடு ஏடா உரியும். அதனால மைக்கா நிறைய மினுங்குற கல்ல மழை அடிக்கிற செவுத்துக்கு எடுக்காதீங்க, உள்ள வச்சுக்குங்க.

கொங்காணி எப்படி வேலை செய்யுது?

மழை நேரத்துல கொழுந்து எடுக்கறவங்க தலையில இருந்து முதுகுக்கு ஒரு கொங்காணி போட்டிருப்பாங்க. அது உடம்போட ஒட்டி இருக்காது. மேல விழுந்த தண்ணி வெளிப்பக்கமாவே வழிஞ்சு போயிரும். உள்ள ஒரு இடைவெளி, அதுல காத்து. வேர்வையும் காயும்.

கிளாடிங்ல ரொம்ப நல்ல முறை எதுன்னு கேட்டா அதேதான். செவுத்துல இருந்து ரெண்டுல இருந்து அஞ்சு சென்டிமீற்றர் வரைக்கும் தள்ளி, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியிலயோ சட்டத்துலயோ கல்லையோ கொங்கிறீட் பலகையையோ மாட்டுறது. மழை முன்தோலுல அடிக்கும். கொஞ்சம் உள்ள வந்தாலும் இடைவெளியில வழிஞ்சு கீழ விட்ட ஓட்டை வழியா வெளிய போயிரும். மேலயும் கீழயும் திறப்பு இருக்கறதால காத்து ஏறி இறங்கும், செவுரு காயும். கல்லு பசையில தொங்காம கொக்கியில நிக்கும். இங்கிலாந்துல செங்கல் வீடுகளுக்கு ரெட்டைச் செவுரு, நடுவுல இடைவெளின்னு 19ம் நூற்றாண்டுலயே ஆரம்பிச்சாங்க. அங்க பெய்யுற மழை நம்ம மழையில பாதிகூட பல இடத்துல வராது!

ஓட்டல், ஆஸ்பத்திரி, ரெண்டு மாடிக்கு மேல போற கட்டடம் கட்டுறவங்க கேகாலையிலயும் இரத்தினபுரியிலயும் இனிமே இந்த முறைய விட்டுட்டு வேற யோசிக்கவே கூடாது. பசையில ஒட்டுறது ஆள் உசரத்துக்கு, மிஞ்சிப் போனா ஒரு மாடிக்கு. அதுக்கு மேல கொக்கிதான்.

பெரிய ஆட்களே இதுல அடி வாங்கியிருக்காங்க. சிகாகோவுல 1970களோட தொடக்கத்துல முடிஞ்ச 83 மாடி ஸ்டாண்டர்ட் ஒயில் கட்டடம் (இன்னைக்கு ஏயொன் சென்டர்), சுமார் 43,000 இத்தாலியக் கரரா பளிங்குப் பலகை போர்த்தி நின்னது. பலகை ஒவ்வொண்ணும் மூணு சென்டிமீற்றர் சொச்சம்தான். பத்துப் பதினஞ்சு வருஷத்துல வளைய ஆரம்பிச்சது. 1990 - 92ல மொத்தத்தையும் கழட்டிட்டு, இன்னும் கனமான வெள்ளைக் கருங்கல்லு மாட்டுனாங்க. ஹெல்சிங்கியில அல்வார் ஆல்ட்டோ கட்டுன ஃபின்லாண்டியா மண்டபம், 1971ல திறந்தது, அதுலயும் அதே கரரா பளிங்கு, அதே வளைவு. 1990கள் கடைசியில மாத்துனாங்க. அழகுக்காக மறுபடி அதே பளிங்கையே போட்டாங்க, அதுவும் வளைஞ்சது! கடைசியா நடந்த பெரிய திருத்தத்துல வேற பளிங்குக்குப் போயிட்டாங்க.

பளிங்கு ஏன் வளையுது? அதுல இருக்கற கல்சைட் மணிகள் சூடாகுறப்போ ஒரு பக்கம் நீளும், இன்னொரு பக்கம் சுருங்கும். ஒவ்வொரு வெயிலுக்கும் மணிக்கும் மணிக்கும் இடையில பிடி கொஞ்சம் கொஞ்சமா தளரும். கனமான கல்லு தாங்கும், மெல்லிசு தாங்காது. பலாங்கொடைப் பக்கம் டொலமைட் எடுக்கறாங்களே, தேயிலை மண்ணோட புளிப்பக் குறைக்கப் போடுறது, அதுவும் இந்தக் குடும்பத்துக் கல்லுதான். அத மெல்லிசா அறுத்து வெளிச்செவுத்துக்குப் போடணும்னு யாராவது கேட்டா இந்த ரெண்டு கட்டடத்தையும் ஞாபகப்படுத்துங்க.

நியூயோர்க்ல 1979ல ஒரு கட்டடத்துல இருந்து பெயர்ந்து விழுந்த துண்டு ஒரு கல்லூரி மாணவியக் கொன்னுருச்சு. அடுத்த வருஷமே சட்டம் வந்தது. ஆறு மாடிக்கு மேல இருக்கற கட்டடத்தோட வெளிச்செவுத்த அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை பரிசோதிக்கணும். சிங்கப்பூர்ல 2022ல இருந்து 20 வருஷம் தாண்டுன, 13 மீற்றருக்கு மேல உசரமான கட்டடத்துக்கு ஏழு வருஷத்துக்கு ஒருதடவை. தோலுக்குன்னு தனியா ஒரு பரிசோதனை!

நமக்கும் இது புதுசு இல்ல. கோபுரத்தப் பாருங்க. அடித்தளம் கருங்கல்லு, அது அப்படியே நிக்கும். மேல்நிலை எல்லாம் செங்கல்லும் சுதையும், எடை குறையட்டும்னு. அந்தச் சுதைத் தோலு மழையில கரையும், வெடிக்கும்னு கட்டுனவங்களுக்கே தெரியும். அதனாலதான் பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கும்பாபிஷேகம்னு வச்சு, அதுக்கு முன்னால திருப்பணி. கோபுரத்த அப்படிப் பாக்கற நாம வீட்டுச் செவுத்த மட்டும் ஒருதடவை பூசிட்டு மறந்துர்றோம்.

பழைய கல்லுச் செவுத்துல சீமெந்து

காங்கேசன்துறையில 1950ல சீமெந்து உற்பத்தி ஆரம்பிச்ச பிறகு இந்த நாட்டுல சீமெந்து எல்லார் கைக்கும் வந்தது. வந்தது நல்லதுதான். ஆனா பழைய லயத்துக் கல்லுச் செவுத்தத் திருத்துறப்பவும் அதே மூட்டையத்தான் அவிழ்க்கிறாங்க.

சுண்ணாம்புச் சாந்து மெது. செவுத்துக்குள்ள இருக்கற ஈரம் சாந்து வழியா வெளிய போகும். தேய்ஞ்சா சாந்துதான் தேயும், கல்லு தப்பிச்சிரும், சாந்த மறுபடி அடைச்சுக்கலாம். இடுக்குல சீமெந்த அடைச்சா எல்லாம் தலைகீழ். சாந்து கல்ல விடக் கெட்டி. ஈரம் கல்லு வழியாத்தான் வெளிய வரணும். கபுக்கா இருந்தா சில வருஷத்துல கல்லு குழிஞ்சு உள்ள போயிரும், சீமெந்துக் கோடு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். பழைய கட்டடங்கள்ல நீங்களே பாத்திருப்பீங்க.

அந்தக் கல்லுச் செவுத்துக்கு இன்னமும் சுண்ணாம்புதான் மருந்து. பழைய ஸ்டோர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னு கல்லுல நிக்கிற கட்டடம் வச்சிருக்கறவங்க இத மட்டும் கவனிச்சாலே பாதி காப்பாத்தலாம்.

கல்கட்டுல ஓட்டைய அடைக்கிறது

இது வரைக்கும் சொன்னதுல தப்பு நடந்தா செவுரு கெடும், காசு போகும். இப்ப சொல்லப் போறதுல உயிர் போகும்.

மலையில வீடுன்னா பின்னால மண்ணு வெட்டி, மண்ணு சரியாம ஒரு தாங்கு செவுரு கட்டணும். அதுல கீழ் வரிசையில குழாய் வச்சு ஓட்டை விட்டிருப்பாங்க. மழை பெஞ்சா அதுல இருந்து தண்ணி கொட்டும், செவுத்துல கறை படியும். இப்போ என்ன செய்றாங்கன்னா, வீட்டுக்கு முன்பக்கம் ஒட்டுன கல்லு மிச்சம் இருக்கு, இந்தச் செவுத்தயும் அழகாக்கலாம்னு மேல முழுக்க கல்லு ஒட்டி, கறை படியுதேன்னு ஓட்டையவும் சேத்து மூடிர்றாங்க.

அந்த ஓட்டைதான் செவுரு நிக்கிறதுக்கே காரணம். பின்னால 2 மீற்றர் உசரத்துக்குத் தண்ணி தேங்குனா, செவுத்தோட ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் தண்ணி மட்டுமே சுமார் 2 தொன் தள்ளும். மண்ணோட தள்ளு தனி. தண்ணி வழிஞ்சு போகும்னு நம்பித்தான் அந்தச் செவுத்துக்குக் கனம் வச்சிருக்காங்க.

2016 மே 17 இந்த மாகாணத்துக்கு மறக்காத நாள். அரநாயக்கவுல சாமசர மலை சரிஞ்சு ஊருகள் மண்ணுக்குள்ள போச்சு, இறந்தவங்களும் காணாமப் போனவங்களும் நூத்துக்கு மேல. அதே நாள் புளத்கொஹுபிட்டியவுல ஒரு தோட்டத்து வீடுகள் மேலயும் மண்ணு இறங்குச்சு. அந்த அளவு மலை சரியுறத எந்தத் தாங்கு செவுரும் நிறுத்தாது, அதுக்கு எச்சரிக்கையும் வெளியேறுறதும்தான் வழி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்துல 75 மில்லிமீற்றர் தாண்டுனா விழிப்பு, 100 தாண்டுனா எச்சரிக்கை, 150 தாண்டுனா வெளியேறுங்கன்னு அளவு வச்சிருக்கு. ஆனா வீட்டுக்குப் பின்னால இருக்கற ஆறடி கரை வேற விஷயம். அது நிக்கிறதும் விழுறதும் அந்தக் குழாய் ஓட்டையப் பொறுத்தது. கல்லு ஒட்டத்தான் போறீங்கன்னா குழாய முன்னால நீட்டி விட்டுட்டு ஒட்டுங்க. ஏற்கெனவே மூடியிருந்தா உளியெடுத்துத் திறந்து விடுங்க, கறை படியட்டும்.

புது வீட்டுச் செவுரு

தோட்டத்துல இப்போ வீடு வந்துட்டு இருக்கு. இந்திய உதவியோட 10,000 வீடுன்னு 2017 மே மாசம் நோர்வூட்ல இந்தியப் பிரதமர் அறிவிச்சார். 2024 பெப்ரவரியில அதுக்கு அடிக்கல் வச்சாங்க. 550 சதுர அடி வீடு. லயத்துல நாலு தலைமுறை இருந்த குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வேண்டியதில்ல.

அந்த வீட்டுக் கூரையில விழற தண்ணியக் கணக்குப் போட்டுப் பாருங்க. 550 சதுர அடின்னா 51 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றர்ல ஒரு மில்லிமீற்றர் மழை பெஞ்சா ஒரு லீற்றர். 3,500 மில்லிமீற்றருக்கு வருஷத்துக்கு 1,78,000 லீற்றருக்கு மேல. பீலி இல்லைன்னா அது முழுக்க செவுத்தடியில விழுந்து ஒரு அடி உசரத்துக்குத் தெறிக்கும். பீலி வச்சு ஒரு தாங்கிக்கு விட்டா துணி துவைக்க, தோட்டத்துக்கு ஊத்த தண்ணி.

அதனால கேக்க வேண்டியத இப்பவே கேட்டுரணும். கூரை செவுத்துல இருந்து ரெண்டரை, மூணு அடி வெளிய நீளணும். பீலியும் காணும் வீட்டோட சேந்த வேலையா இருக்கணும், பிறகு நீங்களே போட்டுக்குங்கன்னு விடக் கூடாது. வீட்டுத் தரை மட்டத்துல செவுரு ஆரம்பிக்கிற இடத்துல ஈரம் ஏறாம ஒரு தடைப் படை. அதுக்குக் கீழ தெறிப்பு படுற ஒன்றரை அடிக்கு, கல்லுக்கு ஆசை இருந்தா, அந்த மலைக் கருங்கல்லையே வரி வச்சுக் கட்டலாம். அங்கதான் கல்லுக்கு வேலை இருக்கு, அழகும் தானா வந்துரும். ஜன்னலுக்கு மேல ஒரு சின்ன சரிவுப் பலகை, அதோட அடியில தண்ணி சொட்டி விழ ஒரு காடி. அந்தக் காடி விரல் அகலம்தான், ஆனா அது இல்லாமதான் பாதி வெடிப்பு வழியா தண்ணி இறங்குது.

இதுல எதுக்குமே வெளிநாட்டுச் சாமான் வேண்டியதில்ல. பாஸ்மாருக்கும் தெரியாத வேலை இல்ல. திட்டப் படத்துல கோடா வரைஞ்சு, மதிப்பீட்டுல காசா எழுதினா செஞ்சிருவாங்க. எழுதாததத்தான் யாரும் செய்றதில்ல.

சொந்தக் காசுல முன்பக்கம் கல்லு ஒட்ட நெனைக்கறவங்க ஒரே ஒரு பருவம் பொறுத்துக்குங்க. மே மாசம் காத்தோட முதல் பெரிய மழை வர்றப்போ குடையோட வீட்ட ஒரு சுத்து வாங்க. எந்தச் செவுரு எவ்வளவு உசரத்துக்கு நனையுது, எங்க தெறிக்குது, எது மூணு நாள் ஆகியும் காயாம நிக்குதுன்னு சோக்கட்டியால கோடு போட்டு வச்சு, போன்ல படமும் எடுத்துக்குங்க. கல்லுக் கடைக்குப் போறதுக்கு முன்னால அந்தப் படத்த பாஸ் கையில குடுங்க, கூரைய எங்க நீட்டலாம், பீலிய எந்தப் பக்கம் இறக்கலாம்னு அவர் சொல்லட்டும். அந்த வேலை முடிஞ்சு மிச்சம் இருக்கற காசுக்கு எத்தனை சதுர அடி கல்லு வருதோ அத நனையுற பக்கத்துல இருந்து ஆரம்பிங்க.